ஆத்துமாவில் புதுப்பட்டை: உள்ளான மனிதன் புதிதாவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் தாயார் செபராங் பிறையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். உளி மரத்தின் பட்டையை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகத்தான் சீவ வேண்டும் என்றும், அதற்கும் உள்ளே கட்டையை ஒட்டி உயிருள்ள ஒரு மெல்லிய படலம் இருக்கிறது என்றும், அதைத் தொடாமல் விட்டால் வெட்டிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை தானாகவே கட்டிவிடும் என்றும் அவர் சொல்வார். உளி ஆழமாகப் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிப்போகும். ஓயாமல் வெட்டப்படும் மரத்தில் ஒரு நாள் பால் நின்றுவிடும்; இலை பச்சையாக இருக்கும், மரம் நிமிர்ந்தே நிற்கும், ஆனால் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் ஒரு சொட்டும் விழாது. அப்போது முதலில் செய்ய வேண்டியது வெட்டை நிறுத்துவதுதான்.

பினாங்கில் உள்ள நம் தமிழ்ச் சபைகளில் அப்படிப்பட்ட மரங்களாக நிற்பவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவனாக இருந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டம், சனிக்கிழமை பாடகர் குழு ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, அதன் பிறகு ஓய்வுநாள் பள்ளி என்று வாரம் முழுவதும் நிறைந்திருக்கும். ஜெபிக்க உட்கார்ந்தால் மட்டும் உள்ளே ஒன்றும் இருக்காது. இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்படுகிறது. இதை முடிக்க ஏறக்குறைய நாற்பது நாள் ஆகும்.

புதிதாகுதல் என்பது எது

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் “உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்” என்கிறார். அந்த “மறுரூபமாகுங்கள்” என்ற வினை, இயேசு மலையின்மேல் மறுரூபமானார் என்று மத்தேயு 17:2 கூறும் அதே கிரேக்க வினையாகும். நம் பழைய தமிழ் வேதாகமமும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைத் தந்திருப்பது நமக்குக் கிடைத்த பேறு. கிரேக்கத்தில் அது செயப்பாட்டு வினையாகவும், தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்கும் வடிவிலும் இருக்கிறது. ஆகவே நாம் நம்மைப் புதுப்பித்துக்கொள்வதில்லை, புதுப்பிக்கப்படுகிறோம். அதுவும் ஒரே இரவில் முடிந்துவிடுவதில்லை. “உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது” என்று 2 கொரிந்தியர் 4:16 சொல்வதும் இதையே.

23ஆம் சங்கீதத்தில் “அவர் என் ஆத்துமாவைத் தேற்றி” என்று நாம் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த வரியில், எபிரெய வினைக்குத் திரும்பக் கொண்டுவருதல் என்பது அடிப்படைப் பொருள். விலகிப்போன ஆட்டை மேய்ப்பன் மடக்கிக் கொண்டுவருவதை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாகுதலை ஒரு புது உணர்ச்சியாக எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவதற்குக் காரணம், அது பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்பி வருதலாக இருப்பதுதான். கீழே உள்ள படிகள் யாவும் அந்த மேய்ப்பனுக்கு இடம் கொடுப்பதற்கான படிகள். அவர் வேலையை நாம் செய்துவிடுவதற்கானவை அல்ல.

முதற்படி: வறட்சியின் காரணத்தைக் கண்டறிதல் (முதல் மூன்று நாள்)

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: ஜெபம் கடைசியாக உயிரோடு இருந்தது எப்போது, அதன் பிறகு என்ன நடந்தது? பதில் ஒரு மரணமாக இருக்கலாம், வீடு மாறியதாக இருக்கலாம், யாருக்கும் தெரியாத ஒரு பழக்கமாக இருக்கலாம், ஒரு சண்டையாக இருக்கலாம், அல்லது வெறும் களைப்பாகவே இருக்கலாம். எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்னதும் இந்த வரிசையில்தான் இருக்கிறது: எந்த நிலைமையிலிருந்து விழுந்தாய் என்பதை முதலில் நினை, பிறகு மனந்திரும்பு, பிறகு ஆதியில் செய்த கிரியைகளைச் செய் (வெளிப்படுத்தல் 2:5). நினைப்பதைத் தாண்டிக் குதித்து நேரே மனந்திரும்புதலுக்குப் போகிறவர்கள், செய்யாத பாவங்களுக்கெல்லாம் அழுதுவிட்டு உண்மையான காரணத்தைத் தொடாமலே திரும்புவதை நான் கண்டிருக்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கும் மேலாக உறக்கம் கெட்டு, உணவில் விருப்பமற்று, எதிலும் மகிழ்ச்சியில்லாமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் வருமானால், அது இந்த நோட்டுப் புத்தகத்தால் தீருகிற காரியம் அல்ல. அரசாங்க சுகாதார நிலையத்துக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமானால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பிஃபிரண்டர்ஸ் அமைப்பினர் இருக்கிறார்கள். மனச்சோர்வு நோயை விசுவாசக் குறைவு என்று சொல்லி, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இரண்டாம் படி: உறங்குதல், உண்ணுதல், விடுப்புக் கேட்டல் (முதல் வாரம்)

கர்மேல் மலையில் வெற்றி பெற்ற கையோடு எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று சாவைக் கேட்டார் (1 இராஜாக்கள் 19). தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. முதலில் உறக்கம்; பிறகு தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்; மறுபடி உறக்கம்; மறுபடி உணவு. அதன் பிறகே நாற்பது நாள் பயணமும், ஓரேப் மலையில் தேவன் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தமும் வருகின்றன. இந்த வரிசையை மாற்றி, முதலில் முழு இரவு ஜெபம் என்று தொடங்குவது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஆகவே முதல் ஏழு நாளும் ஏழு மணி நேரம் உறங்க முயலுங்கள். ஓவர்டைம் வேலையை ஒரு மாதத்துக்கு விட முடியுமானால் விடுங்கள். வீட்டுக் கடன் கட்ட வேண்டியிருப்பதால் முடியாது என்றால், குறைந்தது படுக்கையில் கைப்பேசி பார்ப்பதை விடுங்கள். இதைவிடக் கடினமானது, சபையில் விடுப்புக் கேட்பது. போதகரைத் தனியாகச் சந்தித்து, “ஐயா, நாற்பது நாளைக்கு எனக்கு எந்தப் பொறுப்பும் வேண்டாம், ஆராதனைக்கு மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்” என்று சொல்லுங்கள். நல்ல போதகர் புரிந்துகொள்வார். புரிந்துகொள்ளாதவரிடம், உண்ணக்கூட நேரமில்லாதிருந்த சீஷரை இயேசுவே தனித்து இளைப்பாற அழைத்துப்போன மாற்கு 6:31ஐத் தாழ்மையோடு எடுத்துக்காட்டலாம்.

மூன்றாம் படி: கணக்குப் பார்த்தல் (இரண்டாம் வாரம்)

மனந்திரும்புதலுக்கான ஏழு சங்கீதங்கள் என்று திருச்சபை நெடுங்காலமாகத் தனியே குறித்து வைத்திருப்பவை 6, 32, 38, 51, 102, 130, 143 ஆகியவை. ஒரு நாளைக்கு ஒன்றாக ஒரு வாரம் படியுங்கள். வாசிப்பதைவிட உங்கள் சொந்த வார்த்தையாகச் சொல்வது முக்கியம். எந்த வரியில் தொண்டை அடைக்கிறதோ அங்கே நின்று, அதற்கான காரணத்தை நோட்டில் எழுதுங்கள்.

இந்த ஏழில் இரண்டு சங்கீதங்களில் நெடுநேரம் தங்கலாம். 32ஆம் சங்கீதம், அடக்கிவைத்த பாவம் உடலை என்ன செய்யும் என்பதைச் சொல்கிறது: “நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று.” 51ஆம் சங்கீதம், பத்சேபாளின் காரியத்தில் நாத்தான் தீர்க்கதரிசி தாவீதை எதிர்கொண்ட பிறகு பாடப்பட்டது என்று அதன் தலைப்பே கூறுகிறது. “தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்” என்று தாவீது கேட்கும்போது, ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார் என்று வரும் அதே எபிரெய வினையைப் பயன்படுத்துகிறார். இருக்கிற இருதயத்தைத் துடைத்துத் தாரும் என்று அவர் கேட்கவில்லை. இல்லாத ஒன்றை உண்டாக்கும்படி கேட்கிறார். அதனால்தான் அடுத்த வரியில் “நிலைவரமான ஆவியை என் உள்ளத்திலே புதுப்பியும்” என்று கேட்கத் துணிகிறார்.

எழுதும்போது பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். “நான் பாவி” என்று எழுத எவருக்கும் வெட்கமில்லை. “தங்கைக்குச் சேர வேண்டிய பணத்தில் ஆயிரத்து இருநூறு ரிங்கிட்டை நான் வைத்துக்கொண்டேன்” என்று எழுதும்போதுதான் பேனா நிற்கும். நிற்கும் இடத்தில் வேலை இருக்கிறது. சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னதை நினைத்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டியதற்குத் தனியாக ஒரு பட்டியல் எழுதுங்கள்.

எழுதியதை ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் (யாக்கோபு 5:16). கத்தோலிக்கச் சகோதரருக்கு இதற்கென்று ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது; குருவானவரிடம் போனால் போதும். சீர்திருத்தச் சபையினராகிய நாம் அந்த நாற்காலியை அகற்றிவிட்டு அந்த இடத்தில் வேறெதையும் வைக்காமல் விட்டோம் என்பது என் கருத்து; இத்தனைக்கும் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் பாவ அறிக்கையிடுதலை ஒழிக்கவில்லை, கட்டாயத்தைத்தான் எடுத்தார். வாய் காக்கத் தெரிந்த, வயதில் மூத்த, உங்கள் வீட்டோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லாதீர்கள். அவர் 1 யோவான் 1:9ஐ உங்கள் பெயரைச் சொல்லி உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து எரித்துவிடலாம்.

நான்காம் படி: ஒருவரிடம் போதல் (மூன்றாம் வாரம்)

எல்லாப் படியிலும் நான் அதிகம் தள்ளிப்போட்டது இதுதான். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டவர் (மத்தேயு 5:23-24). எனக்கு அவன்பேரில் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தாயாரின் இறுதிச் சடங்குச் செலவு பற்றிய பேச்சில் நானும் என் அண்ணனும் ஆறு ஆண்டு பேசாமல் இருந்தோம். அவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். ஃபெரிப் படகில் ஏறினால் கால் மணி நேரம். ஆறு ஆண்டுக்கும் அந்தக் கடல் எனக்கு ஒரு வசதியாக இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறி அவர் வீட்டு வாசலில் நின்று, “அண்ணே, அன்னைக்கு எல்லார் முன்னாலயும் நான் கணக்குக் கேட்டிருக்கக் கூடாது” என்றேன். நான் எதிர்பார்த்தபடி அவர் கட்டிப்பிடிக்கவில்லை. “இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணிதான் நாற்காலி போட்டுக் கோப்பி கொடுத்தார். அண்ணன் என்னோடு சரியாகப் பேசுவதற்கு மேலும் ஐந்து மாதம் ஆனது. ஆனால் அன்றிரவு திரும்பும்போது, ஆண்டுக்கணக்காகப் பொருளில்லாமல் சொல்லி வந்த கர்த்தருடைய ஜெபத்தை, “எங்களுக்குக் குற்றஞ்செய்தவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல” என்ற இடத்தில் தயங்காமல் என்னால் சொல்ல முடிந்தது.

போகும்போது செய்த தப்பை மட்டும் சொல்லுங்கள். “நீங்களும் அப்படிப் பேசினீங்கதானே” என்ற வாலை ஒட்டாதீர்கள். விருந்து நாளையோ கலியாண வீட்டையோ இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். இறந்துவிட்டவருக்கு ஒரு கடிதம் எழுதி, தேவனுக்கு முன்பாக வாசிக்கலாம். அடித்தவரிடமோ, பாலியல் வன்முறை செய்தவரிடமோ நேரில் போக வேண்டும் என்று இந்த வசனம் கேட்கவில்லை. அங்கே காவல்துறைக்கும் ஆலோசகருக்கும் இடம் உண்டு. “கூடுமானால் உங்களாலானமட்டும்” என்று பவுலே ரோமர் 12:18இல் எல்லை குறித்திருக்கிறார்.

ஐந்தாம் படி: நாளுக்கு இருபது நிமிடம் (நாற்பது நாளும்)

இது முதல் நாளிலேயே தொடங்கி நடக்க வேண்டிய படி. இயேசு இருட்டோடே எழுந்து தனித்த இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்வதைக் கேட்டு, இரவு ஷிப்டு முடிந்து காலை ஏழரைக்கு வீடு வருகிறவர் மனம் நோகத் தேவையில்லை. அவருக்கு மாலை ஐந்து மணிதான் அதிகாலை. எழுந்தவுடன் வரும் முதல் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீட்டில் அறைவீட்டுக் கதவைப் பூட்ட வழியில்லாவிட்டால், படிக்கட்டு ஓரமும் நிறுத்திவைத்த காரும் போதும். விடுமுறை நாளில் தண்ணீர்மலைத் தாவரவியல் தோட்டத்தில் காலை ஏழு மணிக்குள் ஒரு கல்லிருக்கை கிடைக்கும். குரங்குகள் பையைப் பார்த்துக்கொள்ளும்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருங்கள். அடுத்த பத்து நிமிடம் ஒரு சிறு பகுதியை, மாற்கு சுவிசேஷத்திலோ சங்கீதத்திலோ பத்து வசனத்துக்கு மேற்படாமல், வாய்விட்டு மெதுவாகப் படியுங்கள். முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் “தியானமாயிருக்கிற” மனிதனுக்குப் பயன்பட்டிருக்கும் எபிரெயச் சொல், ஏசாயாவில் சிங்கத்தின் உறுமலுக்கும் புறாவின் புலம்பலுக்கும் வருகிற அதே சொல். கண் மூடி மௌனமாக நினைப்பது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் தியானம், அங்கே முணுமுணுக்கும் ஒலியாக இருந்திருக்கிறது. மனம் அலையும் நாளில் ஒரு கீர்த்தனையைத் தாழ்ந்த குரலில் பாடலாம். நம் பாட்டிமாருக்கு எழுத்துத் தெரியாமலே வேதம் உள்ளே இறங்கியது அந்த வழியாகத்தான். கடைசி ஐந்து நிமிடம், கேட்டதை வைத்துத் தேவனிடம் பேசுங்கள்.

இரவில் படுக்குமுன் மூன்று நிமிடம் அந்த நாளைத் திருப்பிப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகளின் குழுவை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் குழுவினருக்குக் கற்பித்த தினசரி ஆய்வு நன்றி சொல்வதில் தொடங்குகிறது. அந்த வரிசை நல்லது. நன்றியை விட்டுவிட்டு நேரே குற்றத்தைத் தேடுகிறவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோவார்கள். நன்றிக்குரிய ஒன்றை நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். 1529இல் லுத்தர் எழுதிய சிறு ஞானோபதேசத்தில், ஞானஸ்நானத்தின் பொருள், நம்மிலுள்ள பழைய ஆதாம் மனந்திரும்புதலால் தினந்தோறும் மூழ்கிச் சாவதும் புதிய மனிதன் தினந்தோறும் எழுவதும்தான் என்று விளக்குகிறார். குழந்தையாக நீங்கள் பெற்ற ஞானஸ்நானம் உங்கள் நினைவில் இல்லாவிட்டாலும், காலையில் முகம் கழுவும்போது அதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: உபவாசம்

வாரத்தில் ஒரு வேளை போதும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நம்மவரில் அவர்கள் பலர், மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. அவர்கள் இனிப்புக் கோப்பியையோ இரவு நாடகத்தையோ விடலாம். மிச்சமான பணத்தை அன்றே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஏசாயா 58 உபவாசத்தையும் பசித்தவனுக்கு ஆகாரம் பகிர்வதையும் பிரித்துப் பேசவில்லை.

ஏழாம் படி: மற்றவர்களோடு திரும்பி வருதல்

நாற்பது நாளுக்குள் ஒருமுறையாவது ஆயத்தத்தோடு திருவிருந்தில் பங்குகொள்ளுங்கள். மெதடிஸ்ட் சபையாருக்கு உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் ஆராதனை ஒன்று உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதை 1755இல் லண்டனில் முதன்முதலாக நடத்தினார், பல இடங்களில் புத்தாண்டையொட்டி இன்றும் நடக்கிறது. கத்தோலிக்கர் ஜூலைக் கடைசியில் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குப் போவதை இந்த நாற்பது நாளின் முடிவாக வைத்துக்கொள்ளலாம். தவக்காலம் எல்லோருக்கும் பொருந்தும். ஞாயிறுகளை நீக்கினால் அது சரியாக நாற்பது நாள்.

ஒன்றும் உணரவில்லை என்றால்

பள்ளி விடுமுறைதோறும் எங்காவது ஓர் எழுப்புதல் கூட்டம் நடக்கிறது. அங்கே அழுகிற அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது பெரும்பாலும் புதன்கிழமை வரைதான் தாங்குகிறது, அடுத்த கூட்டத்தை எதிர்பார்க்கும் பழக்கம் மட்டும் மிஞ்சுகிறது. 1738 மே 24ஆம் தேதி லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் தம் இருதயம் விசித்திரமாக அனல்கொண்டதாக வெஸ்லி எழுதியதை மெதடிஸ்ட் சபையார் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். அதே மனிதர், எட்டு மாதம்கூட முடியாத நிலையில், 1739 ஜனவரி 4ஆம் தேதி, தாம் இப்போது ஒரு கிறிஸ்தவனே அல்ல என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். அதை நினைவுகூர யாரும் கூட்டம் போடுவதில்லை. அவர் பிரசங்கம் செய்வதை நிறுத்தவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் பிரிஸ்டல் நகருக்கு வெளியே திறந்த வெளியில் நின்று ஏழை மக்களுக்குப் பேசத் தொடங்கினார்.

ஆகவே உணர்ச்சியை நோட்டில் குறிக்காதீர்கள். வேறு மூன்றைக் கவனியுங்கள்: கோபம் வந்து தணிய எடுக்கும் நேரம் குறைந்திருக்கிறதா, தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்க எத்தனை நாள் ஆகிறது, உங்களால் எந்தப் பயனும் தர இயலாத ஒருவரோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினீர்கள். இவற்றை உங்களைவிட உங்கள் மனைவியோ கணவரோ துல்லியமாகச் சொல்வார்கள். கேட்கத் துணிவிருந்தால் கேளுங்கள்.

நாற்பத்தொன்றாம் நாள்

ஓய்வு கொடுத்த மரத்தில் மறுபடி உளி வைக்கும்போது என் தாயார் தினமும் வெட்டமாட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். போதகரிடம் போய், விட்டுவந்த பொறுப்புகளில் ஒன்றை மட்டும் திரும்ப ஏற்றுக்கொள்ளுங்கள். எபேசு சபைக்குச் சொல்லப்பட்ட “ஆதியில் செய்த கிரியை” எதுவோ, நீங்கள் விசுவாசத்துக்கு வந்த புதிதில் யாரும் சொல்லாமலே செய்தது எதுவோ, அதைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு அது, மருத்துவமனையில் பார்க்க ஆளில்லாமல் கிடக்கிற முதியவர்களிடம் போய் உட்காருவது. பாடகர் குழுவுக்கு இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் போகிறேன். இதில் குழுத் தலைவருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.